பிரஷர் பார்த்தீர்களா?

தாம்ஹினி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டிக்கு முதலில் ஒரு விக்கல் வந்தது. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. வளைவில் திரும்புகிற சமயத்தில் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றுவிட்டது.

2023 ஜூன் கடைசி. மழை அப்போதுதான் பிடித்திருந்தது. மாண்காவ் வரை போய்விட்டு முல்ஷி ஏரி வழியாகப் புனேவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தம்பதிக்குப் பின்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஈர ரோட்டில் அதன் டிரைவர் பிரேக்கை மிதித்த சத்தம் பின் சீட்டில் இருந்த மனைவியின் காதில் இன்றும் இருக்கிறது. லாரியின் பம்பருக்கும் பைக்கின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். பத்து நிமிடம் கழித்து பட்டனை அழுத்தியதும், ஒன்றுமே நடக்காதது போல அது கிளம்பியது. வழியில் டயர் பஞ்சராகி நின்றிருந்தால்கூட இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மனைவி ஒரு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். கோத்ரூட்டில் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அஹோ, என்ன வியாதி என்று தெரிகிறவரை நான் இதில் ஏறமாட்டேன்." (மராத்தியப் பெண்களின் 'அஹோ', நம் பக்கத்து 'என்னங்க'.)

கணவர் வங்கி மேலாளர். வயது 53. செப்டம்பரில் லே போவதாக இருந்தது. திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதற்குக் கொண்டாட்டம் ஹோட்டலில் வேண்டாம், மலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். 2020ல் அந்த பைக்கை வாங்கியதே அதற்காகத்தான். நீளப் பயணத்துக்கென்று செய்த வண்டி; ஒற்றை சிலிண்டர்; ஃப்யூயல் இன்ஜெக்ஷன். இருவருக்கும் லீவு சாங்ஷன் ஆகியிருந்தது. பிரச்னையெல்லாம் இப்போது பின் சீட்டில் ஆள் இல்லை என்பதுதான்.

சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "பம்பு வீக்காக இருக்கலாம் ஸார், மாற்றிப் பார்க்கலாம்" என்றார் அங்கிருந்த இளைஞர். பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் பம்பு, ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படியாகத்தான் வரும். விலை பத்தாயிரத்துக்கு மேல். வாரன்டி முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

"மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?" 

"பெரும்பாலும் ஆகிவிடும் ஸார்."

இரவு சாப்பாட்டின்போது இதைக் கேட்ட மனைவி சப்பாத்தியைப் பிய்த்தபடியே சொன்னார்: "பிரஷர் பார்த்தார்களா? எங்கள் வார்டில் பிரஷர் பார்க்காமல் மாத்திரை எழுதினால் டாக்டரையே கேள்வி கேட்பார்கள்."

இந்தியாவில் எந்த மொழிக்காரரும் மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்ட சொற்களில் பிரஷரும் ஒன்று. குக்கருக்கும் அதுதான், ரத்தத்துக்கும் அதுதான், டயருக்கும் மேலதிகாரிக்கும் அதுதான். பெட்ரோலுக்கும் அது உண்டு என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சமீபத்தில்தான் தெரியவந்தது.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டாங்கிலிருந்து தன் கனத்தால் கீழே இறங்கும். ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கூடவே கொஞ்சம் பெட்ரோலும் போகும். அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் டாங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி, ஒரு மின்சாரப் பம்பு இருக்கிறது. அது பெட்ரோலைச் சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அழுத்தத்தில் குழாயில் தள்ளுகிறது. பைக் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 25லிருந்து 35 பிஎஸ்ஐ வரை. அதைவிட இது அதிகம். குழாயின் மறுமுனையில் இன்ஜெக்டர். மயிரிழை போன்ற துளைகள் சில மில்லி செகண்டுகள் திறந்து மூடும். எத்தனை மில்லி செகண்டு என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் காற்றின் அழுத்தம் தெரியும், எஞ்சின் சூடு தெரியும், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரியும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அதற்குத் தெரியாத ஒன்று, பெட்ரோல் எந்த அழுத்தத்தில் வருகிறது என்பது. அதை அளக்க சென்சார் வைப்பதில்லை. 3 பார் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அழுத்தம் 43லிருந்து 25க்கு இறங்கினால் இன்ஜெக்டர் அதே நேரம் திறந்தாலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெட்ரோல் குறைந்துவிடும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கொஞ்சம்வரை ஈடுகட்டும். அதற்கு மேல் எஞ்சின் விக்கும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியாமலும் போகலாம். சர்வீஸ் சென்டர் இளைஞர் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரியாததை அதனிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

வங்கிக்காரர் நானா பேட்டுக்குப் போனார். புனேயில் இரு சக்கர வண்டிக்கும் காருக்கும் உதிரி பாகம் என்றால் நானா பேட்தான். கார் மெக்கானிக்குகள் வாங்கும் ஃப்யூயல் பிரஷர் கேஜ் ஒன்று, 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை எண் போட்டது, ரப்பர் குழாயோடு வாங்கிவந்தார். பட்டறைக் கையேட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், மனைவி டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வேலையில் இறங்கினார்.

அவருக்குத் தெரிந்தது பாதி. சாவியைத் திருப்பினால் டாங்குக்குள் 'உய்ங்' என்று இரண்டு மூன்று செகண்டு சத்தம் வரும், பம்பு குழாயை நிரப்புகிற சத்தம், பிறகு நின்றுவிடும். அதைக் கேட்டுத் திருப்தியடைந்து சாவியை அணைத்தார். எஞ்சின் ஓடவில்லை, வண்டி சில்லென்று இருக்கிறது, இனி என்ன என்று பெட்ரோல் குழாயின் கிளிப்பைக் கழற்றினார்.

பம்பு நின்றாலும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஊசிபோல் பீறிட்ட பெட்ரோல் அவர் கையிலும் கன்னத்திலும் மூக்குக் கண்ணாடியிலும் அடித்தது. கண்ணாடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செப்டம்பர் வேறு மாதிரி கழிந்திருக்கும். இமையோரமாகக் கசிந்ததே எரிச்சலில் துடிக்க வைத்தது. வாட்ச்மேன் கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் தோட்டத்துக் குழாயடியில் உட்கார வைத்தார். போனில் மனைவி சொன்னபடி கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவினார். எஞ்சின் சூடாக இருந்து, பத்தடி தள்ளி யாராவது பீடி பற்றவைத்திருந்தால் என்று யோசிக்க அவருக்கு அன்று ராத்திரிதான் தைரியம் வந்தது.

அடுக்ககச் செயலாளர் மறுநாள் எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டார்: நாற்பது கார்கள் நிற்கும் இடத்தில் பெட்ரோல் பரிசோதனை கூடாது. அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகுதான் வங்கிக்காரர் உஸ்தாதிடம் போனார். முதலிலேயே போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் வெட்கம். நானா பேட் சந்து ஒன்றில் முப்பது வருடங்களாகப் பட்டறை வைத்திருக்கும் உஸ்தாத்தான் அவருடைய முதல் ஸ்கூட்டரிலிருந்து எல்லா வண்டிகளையும் பார்த்துவந்தவர். இந்த இன்ஜெக்ஷன் பைக்கை வாங்கிய பிறகு வங்கிக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று வருடம். கேஜ் வாங்கப் போன அன்றுகூட அடுத்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

கார்புரேட்டர் காலத்தில் உஸ்தாத் ஒரு பிரமுகர். நீள ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சின் மீதும் மறு முனையைக் காதோரமும் வைத்து, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லுவார். ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அரைக்கால் சுற்று திரும்ப எடுப்பார். மீட்டர் கிடையாது, காதுதான். இன்ஜெக்ஷன் இந்தியாவில் அவசரமில்லாமல்தான் வந்தது. 2006ல் ஹீரோ ஹோண்டா ஒரு கிளாமரில் அதைப் பொருத்தியது. 2007ல் பஜாஜின் பல்சர் 220ல் வந்தது. இரண்டே வருடத்தில் அதே வண்டி கார்புரேட்டருக்குத் திரும்பியதும் நடந்தது. 2009ல் ராயல் என்ஃபீல்டு வந்து சேர்ந்தது. உஸ்தாத் மாதிரி ஆட்கள் இதையெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குப் போவது என்று 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பிஎஸ்-4 வண்டி விற்கக் கூடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய ஒரே நாளில் மறைந்துபோனது. அது டெல்லியின் காற்றுக்கு நல்லதுதான், புனேயின் காற்றுக்கும் நல்லதுதான். ஆனால் முப்பது வருடம் காதைத் தீட்டிவைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவிக்கையில் ஒரு வரிகூட இல்லை. உஸ்தாத் புது வண்டிகளை 'தாலா லகா ஹுவா காடி' என்பார், பூட்டுப் போட்ட வண்டி. வந்தால் டயர் மாற்றித் தருவார், செயினுக்கு எண்ணெய் விடுவார். மற்றதற்குக் கம்பெனிக்குப் போங்கள் என்பார். பட்டறையில் இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் டெலிவரி வேலைக்குப் போய்விட்டான்.

வங்கிக்காரர் சிவந்த கண்ணோடு போய் நின்றதும் உஸ்தாத் விசாரித்தது பைக்கைப் பற்றி அல்ல. "பாபி என்ன சொன்னாங்க ஸாஹேப்?" சொன்னதைச் சொன்னார். உஸ்தாத் சிரித்தார். பிறகு கேஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க வண்டிக்குச் சேராது. இதோட முனை கார்க் குழாய்க்கு. உங்களதுல பிளாஸ்டிக் கிளிப்."

மூன்று நாள் கழித்து அவரே போன் செய்தார். விபத்தில் நொறுங்கிய அதே ரக வண்டி ஒன்றின் பெட்ரோல் குழாயைப் பழைய இரும்புக் கடையில் பிடித்திருந்தார். இரண்டு முனையிலும் கிளிப் அப்படியே இருந்தது. நடுவில் வெட்டி ஒரு பித்தளை 'டி' செருகி, அதன் மூன்றாவது வாயில் கேஜைப் பொருத்தி, இன்ஜெக்ஷன் குழாய்க்கென்றே வரும் வழுவழுப்பான கிளாம்புகளைப் போட்டிருந்தார். சாதாரணப் பல் கிளாம்பு ரப்பரை அறுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'பூட்டுப் போட்ட வண்டி' என்று சொல்லிக்கொண்டே மனிதர் கொஞ்சம் சாவி தேடியும் வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு. இம்முறை கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய திறந்த வெளி. செயலாளர் மாடி பால்கனியில் நின்றபடி மேற்பார்வை பார்த்தார். மனைவி லீவு போட்டிருந்தார். மருத்துவமனை பாணியில் ஏற்பாடு: காரில் இருக்கும் பவுடர் தீயணைப்பான் ஒன்று, இரண்டு வாளி மணல் (பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்), இருவருக்கும் கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி, செல்போன்கள் எல்லாம் வீட்டுக்குள். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் நேரம், பிரஷர், குறிப்பு என்று மூன்று பத்தி.

உஸ்தாத் முதலில் செய்தது, பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயைக் கழற்றியது. பிறகு எஞ்சினை ஓட விட்டார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அது சில செகண்டில் தானாக நின்றது. இன்னொரு முறை ஸ்டார்ட்டரை அழுத்தி, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பழந்துணியைச் சுற்றிப் பிடித்தபடி கிளிப்பைக் கழற்றினார். துணி நனைந்தது, அவ்வளவுதான். போன வாரம் கண்ணைக் கழுவியவர் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

கேஜ் பொருத்தியாயிற்று. ரிலேயைத் திரும்ப மாட்டி, சாவி. 'உய்ங்.' முள் துள்ளி 43ல் நின்றது. எஞ்சின் ஓடியது, 43. ஆக்ஸிலேட்டரைத் திருகினார்கள், முள் லேசாக நடுங்கிவிட்டு 43க்கே வந்தது. அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தார்கள், 39. வேகமாக இறங்கியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது பம்பிலுள்ள வால்வோ ரெகுலேட்டரோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். முதலிலேயே குறைவாகக் காட்டியிருந்தால் அடைபட்ட ஃபில்டர் அல்லது களைத்த பம்பு. 43க்கு மேலே போயிருந்தால் ரெகுலேட்டர் இறுகிவிட்டது. மூன்றும் இல்லை. கையேட்டுப்படி இது ஆரோக்கியமான வண்டி.

வங்கிக்காரரின் முகம் விழுந்துவிட்டது. கோளாறு இருப்பதைவிட, தேடியும் அகப்படாத கோளாறு மோசம். உஸ்தாத்தும் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இது படுக்கையில் படுக்க வைத்து எடுத்த பிரஷர்தானே? மாடிப்படி ஏறினதும் மயக்கம் வருகிற ஆளைப் படுக்க வைத்துப் பார்த்தால் நார்மலாகத்தான் இருக்கும்" என்றார் மனைவி.

தாம்ஹினியில் வண்டி நின்றது ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு. அதிலும் டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தது. டாங்குக்குள் இருக்கும் பம்புக்குச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் குளிர்ச்சி. கடைசிச் சொட்டுவரை ஓட்டிப் பழகியவர்கள் பம்பைச் சுட்டுத் தின்கிறார்கள் என்று உஸ்தாத் இந்த இடத்தில் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். வங்கிக்காரருக்கு அது தேவைதான். இப்போதும் டாங்கில் கால் பாகம்கூட இல்லை. எஞ்சினை ஓட விட்டார்கள். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் கொதித்துவிடும் என்பதால் வீட்டு மின்விசிறியைக் காற்று வீசும் பக்கமாகத் தள்ளி வைத்து முகத்துக்கு நேரே ஓட விட்டார்கள். பெட்ரோல் ஆவி விசிறிப் பக்கம் போகக் கூடாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் பத்து நிமிடம் ஆனது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மனைவி முள்ளைப் படித்து எழுதினார். 43. 43. 43. மேலே செயலாளருக்கு அலுத்து உள்ளே போய்விட்டார். இருபத்தைந்தாவது நிமிடம் 42. முப்பதாவது நிமிடம் 41. முப்பத்தைந்தில் 36. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. 30 வந்ததும் எஞ்சின் ஒரு விக்கல் விட்டது. மனைவி நோட்டிலிருந்து நிமிர்ந்தார். தாம்ஹினியில் கேட்ட அதே விக்கல். 25ல் எஞ்சின் நின்றது.

வங்கிக்காரர், "பம்புதான். சொன்னது சரிதான்" என்றார், அந்தப் பத்தாயிரத்தை மனதில் எழுதிவிட்டு.

உஸ்தாத் பதில் சொல்லவில்லை. சாவியைத் திருப்பி, பம்பின் சத்தத்தைக் கேட்டார். அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மூன்றாம் முறை டாங்கில் காதையே வைத்துவிட்டார். "சுருதி இறங்கிப்போச்சு" என்றார். "பம்பு செத்தா முனகும், கரகரன்னும். இது முனகலை. மெதுவாப் பாடுது. சாப்பாடு பத்தலை."

மல்டிமீட்டரை எடுத்தார். பாட்டரியில் 12.3 வோல்ட். பம்புக்குப் போகும் பிளக் டாங்குக்கு அடியில், சீட் தொடங்கும் இடத்தில் இருந்தது. அதைக் கழற்றி அளக்க வங்கிக்காரர் கை நீட்டியபோது உஸ்தாத் தடுத்தார். கழற்றிவிட்டு அளந்தால் கரன்ட் ஓடாது. கரன்ட் ஓடாத ஒயரில் எவ்வளவு துரு இருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். பிளக் மாட்டியபடியே இருக்க, அதன் முதுகு வழியாக மெல்லிய ஊசிகளைச் செருகி, சாவியைத் திருப்பச் சொன்னார். பம்பு ஓடிய அந்த இரண்டு மூன்று செகண்டுகளில் மீட்டர் காட்டியது 7.4.

ஐந்து வோல்ட் எங்கே போனது? உஸ்தாத் ஊசிகளை உருவிவிட்டுப் பிளக்கை விரல்களால் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார். மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு வங்கிக்காரரின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். தேநீர்க் கோப்பை மாதிரி சுட்டது. எஞ்சினின் சூடு அல்ல. பக்கத்திலிருந்த மற்ற ஒயர்கள் வெறும் வெதுவெதுப்பு.

ஆறவிட்டுப் பிரித்தபோது உள்ளே இரண்டு பித்தளை நாக்குகளில் ஒன்று பச்சையும் கறுப்புமாக இருந்தது. சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்துப் பழுப்பு நிறமாகியிருந்தது. வாரா வாரம் வாட்டர் சர்வீஸில் சீட்டுக்கு அடியில் பீய்ச்சிய தண்ணீர், மூன்று மழைக்காலம், எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தது. துருப்பிடித்த முனையில் கரன்ட் தடைபட்டுச் சூடாகும். சூடானதும் பிடி தளர்ந்து தடை இன்னும் ஏறும். பம்புக்குப் போகும் வோல்ட் இன்னும் இறங்கும். பத்து நிமிடம் நின்றால் ஆறி, பழையபடி கிளம்பும். சர்வீஸ் சென்டரில் ஒரு மணி நேரம் ஆறப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்த வண்டி எப்படி விக்கும்? புது பம்பு போட்டிருந்தாலும் அதே பிளக்கில்தான் மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி மாட்டுகிறபோது துரு கொஞ்சம் உதிர்ந்து சில வாரம் நன்றாகவும் ஓடியிருக்கும். அந்தச் சில வாரம் முடிந்து அடுத்த விக்கல் எந்த மலையில் வந்திருக்கும் என்பதை மனைவி ஒரு தடவை சத்தமாகவே கேட்டார்.

புது டெர்மினல்கள், பிளக், ஒரு சாண் ஒயர், ஈரம் புகாமல் இருக்கக் கிரீஸ். உதிரி பாகச் செலவு 180 ரூபாய். உஸ்தாத் தன் கூலியைச் சொல்லவில்லை. வங்கிக்காரர் கொடுத்ததை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார். மாலையில் மறுபடி அதே பரிசோதனை, இம்முறை ஒரு மணி நேரம். நோட்டில் பன்னிரண்டு வரி, பன்னிரண்டிலும் 43. கடைசி வரிக்குக் கீழே மனைவி கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார், வார்டில் செய்வது போல.

அந்த ஜூலையில் இமாசலத்தில் வெள்ளம் வந்து மணாலி பக்கத்து ரோடுகளை அடித்துக்கொண்டு போனது. பயணத்தை ஸ்ரீநகர் வழியாக மாற்றிக்கொண்டார்கள். செப்டம்பரில் வண்டி ஜீலம் எக்ஸ்பிரஸில் ஜம்முவுக்குப் போனது. ரயிலில் ஏற்ற டாங்கைச் சொட்டு இல்லாமல் காலி செய்ய வேண்டும். ஜம்முவில் பெட்ரோல் ஊற்றிய பிறகு, காய்ந்துகிடந்த குழாய் நிரம்ப மூன்று முறை சாவியைத் திருப்பி அணைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சத்தம் கனத்தது. பின் சீட்டில் உட்காராமல் கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அதற்குப் பிறகுதான் ஏறினார்.

ஸோஜி லாவில் சேறு. கார்கிலில் ஓர் இரவு. ஸ்ரீநகர் - லே சாலையின் மிக உயர்ந்த இடமான ஃபோட்டு லா 4,108 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதம்தான். கார்புரேட்டர் வண்டிகள் இந்த உயரத்தில் காற்றுப் போதாமல் கறும்புகை கக்கி, உஸ்தாத் போன்றவர்கள் முன்கூட்டியே சின்ன ஜெட் மாற்றிக் கொடுத்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இந்த வண்டியில் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொண்டது. அந்த வேலையில் அதை யாரும் குறை சொல்ல முடியாது. மனைவி மேலே இறங்கி நடந்தபோது பத்தடிக்கு ஒரு முறை நின்றார். தன்னுடைய பிரஷரைத் தானே பார்த்துக்கொள்ளச் சின்னக் கருவி ஒன்று பையில் வைத்திருந்தார். 140க்கு 90. கணவருடையது அதைவிட அதிகம். எவ்வளவு என்று ஊர் திரும்பும்வரை அவரிடம் சொல்லவில்லை.

கேஜை உஸ்தாத் அந்த ஞாயிற்றுக்கிழமையே "ரெண்டு நாள் இருக்கட்டும் ஸாஹேப்" என்று எடுத்துப் போயிருந்தார். தீபாவளிக்கு இனிப்போடு பட்டறைக்குப் போன வங்கிக்காரர் அதை ஆணியில் தேடினார். இல்லை. வெளியே வெயிலில் ஒரு டெலிவரிப் பையனின் பிஎஸ்-6 வண்டி டாங்க் தூக்கி வைக்கப்பட்டு நின்றது. குழாயின் நடுவே அந்தப் பித்தளை 'டி'. கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்த பட்டறைப் பையன் முள்ளைப் பார்த்து உரக்கப் படிக்க, உஸ்தாத் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்.

வங்கிக்காரர் வாய் திறப்பதற்குள் உஸ்தாத் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க ஸாஹேப். இன்னும் சூடு ஏறலை."